கொலுவில் கிடைத்த சீப்பு

பூவராகவனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. என் வீட்டு மாடியில் பதினொரு வருஷம் குடியிருந்தான். ஒரு நாளாவது அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பான். தறியில் நாடா ஓடுகிற மாதிரி போவான், வருவான். என் தலைக்கு மேலே அந்தக் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் எனக்கு என்னவோ ஏதோ என்று இருக்கும்.

அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அந்த 2006 உள்ளாட்சித் தேர்தலைத்தான் சொல்கிறார்கள். அதிலும் பாதிதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி என் கைக்கு வந்தது, ஒரு பிளாஸ்டிக் பையில். அதனால் நான்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கைநாட்டுதான். ஆனால் பார்த்ததை மாற்றிச் சொல்கிற பழக்கம் கிடையாது.

சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு டி.டி.பி. கடையில் அவனுக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பட்டுக் கடை பில் புத்தகம் எல்லாம் அவன் அடித்துக் கொடுத்ததுதான். கடை மூடியதும் நேராக வீட்டுக்கு வரமாட்டான். பிரவுசிங் சென்டருக்குப் போவான். மணிக்கு இருபது ரூபாய். அங்கே கம்ப்யூட்டரில் எழுதுவான். அதற்கு வலைப்பூ என்று பேராம். இவனுடையதற்கு ‘நம்ம வார்டு’ என்று தலைப்பு. எந்தத் தெருக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, செவிலிமேட்டு டவுன் பஸ் ஏன் நம் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது, மூடி போடாத சாக்கடைக்கு யார் பில் வாங்கினார்கள், இதெல்லாம்தான் அதில் இருக்கும்.

எங்கள் தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? அதனால் எழுதியதைத் தாளில் அச்சடித்து, முனையிலிருந்த டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவான். டீக்கடைக்காரர் திருஞானசம்பந்தம் அதைச் சத்தமாகப் படிப்பார். “வா ஆயா, உன் மாடி வீட்டுக்காரன் இன்னிக்கி யாரைக் கடிச்சிக்கினு இருக்கறான் பாரு” என்று என்னைக் கூப்பிடுவார். நானும் பால் வாங்கப் போகிற சாக்கில் நின்று கேட்பேன்.

அந்த வருஷம் கவுன்சிலர் தேர்தலுக்கு எங்கள் வார்டில் ராஜகோபால் சுயேச்சையாக நின்றான். ஸ்கூட்டர் மெக்கானிக். பூர்வீகம் தாமல், விவசாயக் குடும்பம். முன் தலையில் ஒரு முடி கிடையாது. மூன்று கோடைக்கு முன்னால் வார்டுக்குத் தண்ணீர் வராதபோது, வேறு பக்கம் போன தண்ணீர் லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்துவிட்டான். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லாக் குடமும் நிறைந்தது.

பூவராகவனுக்கு அவன் மேல் இருந்த பற்று தண்ணீரால் வந்தது இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், பூவராகவன் பெண்டாட்டி கமலவேணிக்கு இடுப்பு வலி எடுத்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு ஆட்டோவும் வரவில்லை. ராஜகோபால்தான் யாருடையதோ பழுது பார்க்க நின்ற ஆட்டோவில் அவளை ஏற்றி, பாதி வழி தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பிறந்த குழந்தைக்கு ராஜகோபாலின் அம்மா பேரைத்தான் வைத்தார்கள், துளசி என்று. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ராஜகோபாலிடம் பணம் இல்லை. எதிர்த்து நின்றவரிடம் நிறைய இருந்தது. பூவராகவன் தன் வலைப்பூவில் எழுதினான்: “ஓட்டுக்கு ஒரு பைசா கொடுக்கமாட்டோம். நோட்டீஸுக்கும் மைக் ஆட்டோவுக்கும் மட்டும் பணம் வேண்டும். முடிந்தவர்கள் அனுப்புங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் நான் பொறுப்பு.” சம்பந்தம் இதைப் படித்தபோது கூட்டத்தில் சிரித்தார்கள். ஆனால் பணம் வந்தது. சந்நிதித் தெரு வாத்தியார் மகன் தேசிகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். முதல் பணம் அவனுடையது. பிறகு ஒருவர் பார்த்து ஒருவர், முப்பத்தேழு பேர். நாற்பத்து மூவாயிரம் ரூபாய். யார் எவ்வளவு அனுப்பினார்கள், எதற்குச் செலவு என்று வாராவாரம் சுவரில் ஒட்டினான். மைக் ஆட்டோவுக்குப் பத்து நாள் வாடகை என்று பதினெட்டாயிரத்தை ராஜகோபால் கையில் கொடுத்ததையும் ஒட்டினான்.

சின்னம் கிடைத்தது. சீப்பு. தெருவே சிரித்தது. “வழுக்கைத் தலைக்குச் சீப்பாம், கலெக்டர் ஆபீஸ்ல கூட குறும்பு பண்றாங்கபா” என்றார் சம்பந்தம். ராஜகோபாலும் சேர்ந்து சிரித்தான். “எனக்குத் தேவைப்படாததைத்தான் உங்களுக்குத் தர்றேன்” என்று சொல்லி அதையே ஓட்டுக் கேட்கிற பேச்சாக ஆக்கிவிட்டான். கெட்டிக்காரன்.

அப்போது நவராத்திரி முடிய இரண்டு நாள் இருந்தது. ராஜகோபால் பெண்டாட்டி லோகாம்பாள் அந்த வருஷம் முதல் தடவையாகக் கொலு வைத்திருந்தாள். வார்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டிருந்தாள். நானும் போனேன். எனக்கு அவர் போய்ப் பதினெட்டு வருஷம். எங்கள் பக்கத்தில் புருஷன் இல்லாதவள் கொலுவுக்குப் போகலாம், பொம்மை பார்க்கலாம், சுண்டல் தின்னலாம். மஞ்சள் குங்குமம் மட்டும் கொடுக்கமாட்டார்கள். அது கொடுக்கிற நேரம் வந்தால் நானே எழுந்து வந்துவிடுவேன். யாரையும் சங்கடப்படுத்துவானேன்?

அன்றைக்கு நான் எழுந்து வாசலுக்கு வருகிறேன், முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். பார்த்தால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமப் பொட்டலம், கண்ணாடி, சீப்பு, ரவிக்கைத் துணி. பதினெட்டு வருஷத்தில் ஒரு கை எனக்குக் குங்குமம் நீட்டவில்லையே. லோகாம்பாள்தான் துணிந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண் இன்னொரு கையிலிருந்த தாளைப் பார்த்து, “கங்கையம்மாள், வயசு எழுபத்தி ரெண்டு. சரிதானே ஆயா? வீட்ல வேற ஓட்டு இருக்குதா?” என்று கேட்டு, ஒரு கோடு போட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் ஓரிக்கையிலிருந்து கூலிக்கு வந்தவள். அவள் கையிலிருந்தது வாக்காளர் பட்டியல். பட்டியலில் பேர் இருக்கும், வயசு இருக்கும், கதவு எண் இருக்கும். தாலி இருக்கிறதா இல்லையா என்று அதில் எழுதியிருக்காதே.

உள்ளேயிருந்து லோகாம்பாள் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள். “ஐயோ ஆயா, அது வெளியூர்ப் பொண்ணு, தெரியாம...” என்று பையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்கக் கூடாது. எனக்குக் கொடுக்கவும் கூடாது. அவள் கை நடுவிலே நின்றது.

“விடுமா, லிஸ்ட்ல என் பேர் இருக்குதாமே” என்று சொல்லிவிட்டுப் பையோடு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரவிக்கைத் துணியைப் பிரித்தேன். உள்ளே நூறு ரூபாய் நோட்டு.

சாயங்காலம் பூவராகவன் வந்ததும் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். ஊர்ச் சாக்கடைக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறவன், கொலுவில் பெண்களுக்குள் என்ன கைமாறுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆண்பிள்ளை வாசலோடு சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறவன்தானே.

“இது ஏது ஆயா?”

“உன் ராஜகோபாலு வூட்டுக் கொலுவுல குடுத்தாங்க.”

“உனக்கா? தாம்பூலமா?”

“எனக்குத்தான். அதான் உன்கிட்ட எடுத்தாந்தேன். அம்மனுக்காகக் குடுத்திருந்தா எனக்கு வந்திருக்காதுபா.”

“எத்தினி பேருக்குக் குடுத்தாங்க?”

“நான் வர்றப்போ அந்தப் பொண்ணு மூணாவது தாளைத் திருப்பிக்கினு இருந்தா.”

அவன் நடை நின்றது. சமையல்கட்டு வாசலில் கமலவேணி வந்து நின்றாள். தலை நிமிராமல், “எனக்கும் குடுத்தாங்க” என்றாள்.

“ஏன் சொல்லலே?”

“சொன்னா செவுத்துல ஒட்டிடுவீங்க. ஒரு சுமங்கலி மஞ்ச குங்குமத்தை வேணாம்னு சொல்லிட்டு வர முடியுமா? உள்ள நோட்டு இருந்தது வூட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்.”

“நோட்டு எங்க?”

“துளசிக்கு ஸ்கூல் ஷூ வாங்கிட்டேன்.”

அவன் செருப்பைக்கூட மாட்டவில்லை. கீழே இறங்கி மெக்கானிக் கடைக்கு நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். நீ எதற்குப் போனாய் என்று பின்னால் பல பேர் கேட்டார்கள். பை என்னுடையது, போனேன்.

ராஜகோபால் ஒரு ஸ்கூட்டரைப் படுக்கப் போட்டு, கிரீஸ் கையோடு இருந்தான். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் எழுந்தான்.

“மைக் ஆட்டோ எத்தினி நாள் ஓடுச்சிண்ணா?” என்றான் பூவராகவன்.

“ரெண்டு நாள்.”

“பத்து நாளைக்குக் குடுத்தேன்.”

“மீதி அதோ ஆயா கையில இருக்குது. அது போதலே, லோகா வளையலும் அதுலதான் போச்சி. எதிர்ல நிக்கறவன் மூக்குத்தி குடுக்கறான் பூவராகா, தங்க மூக்குத்தி! நான் வெறுங்கையோட நின்னா, அந்தச் சீப்பை வெச்சி என் தலையையா வாரிக்கறது?”

“ஒரு பைசா குடுக்கமாட்டோம்னு எழுதினேனேண்ணா. நான் பொறுப்புன்னு எழுதினேனே.”

“எழுதினே. பெங்களூர்க்காரனா வந்து இங்க ஓட்டுப் போடப் போறான்?”

“செவுத்துலயும் ஒட்டினேன்.”

ராஜகோபால் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, “துளசி பொறந்த அன்னிக்கி நான் உன்கிட்ட எதுனா கணக்கு எழுதினேனா?” என்று கேட்டான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அது வேற, இது வேற ராஜகோபாலு. எனக்குக் குங்குமம் குடுத்தியே, எதுக்குன்னு சொல்லு. மனசாரச் சொல்லிடு, நான் போயிடறேன்” என்றேன். அவன் மறுபடி ஸ்கூட்டர் பக்கம் குனிந்தான்.

கிளம்பும்போது ராஜகோபால் ஒரு யோசனை சொன்னான். “உன் ஆளுங்களுக்கு என்ன, ஆட்டோ ஓடினதுக்கு அத்தாட்சி வேணும். அவ்ளோதானே? நாளைக்கு பேனர் கட்டி ஒரு ஆட்டோ நிறுத்தறேன். போட்டோ புடிச்சிப் போட்டுடு. தேர்தல் முடியட்டும், மீதியைப் பேசிக்கலாம்.”

அந்த ராத்திரி பூவராகவன் வீட்டில் எப்படி இருந்தான் என்று என் காதுக்குத் தெரியும். ஜன்னல், கதவு, ஜன்னல், கதவு. இடையில் தேசிகன் போன் பண்ணினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. “மைக் ஆட்டோ படம் ஒண்ணு போடுங்க சார், ஆசையா இருக்குது பார்க்கணும்னு” என்றானாம். பூவராகவன் கீழே வந்து அதை என்னிடம் சொன்னான்.

“நீ சொல்லு ஆயா, இன்னா பண்ணட்டும்?”

“எனக்கு இன்னாபா தெரியும்? யாராவது கேட்டா என் கைக்கு வந்ததை நான் சொல்லுவேன். உன் வாக்கு உன்னுது.”

“எழுதினா அண்ணன் தோத்துடுவாரு.”

“தோக்கலாம்.”

“எழுதலேன்னா?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீ சொல்லித்தான் எழுதினேன் என்று ஆகிவிடும். அந்தப் பாரத்தை நான் ஏன் வாங்கவேண்டும்?

மறுநாள் சொன்னபடி ஆட்டோ வந்து டீக்கடை முன்னால் நின்றது. சீப்புப் படம் போட்ட பேனர், மேலே புனல் மைக். பூவராகவன் கடை முதலாளியின் கேமராவோடு வந்தான். ஒரு கண்ணை மூடி, கேமராவைக் கண்ணில் வைத்து, ரொம்ப நேரம் நின்றான். “இன்னாபா, கல்யாண போட்டோ மாதிரி நேரம் பாக்கறே, அமுக்கு” என்றார் சம்பந்தம். கேமராவை இறக்கினான். உறையில் போட்டான். பிரவுசிங் சென்டர் பக்கம் நடந்தான். நான் சம்பந்தத்திடம் பால் சொம்பைக் கொடுத்துவிட்டு அவன் பின்னால் போனேன்.

அவன் அடித்தான், அடித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினான். உட்கார்ந்து ஒரு வேலை செய்து அவனை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இப்படித்தான் எழுதினான்:

“மைக் ஆட்டோ இரண்டு நாள்தான் ஓடியது. மீதிப் பணம் கொலுவில் தாம்பூலப் பையாகவும், அதற்குள் நூறு ரூபாய் நோட்டாகவும் போயிற்று. ஒரு பை கதவு எண் பதினாறு கங்கையம்மாளுக்கு வந்தது. ஒரு பை என் வீட்டுக்கும் வந்தது. அந்த நூறு ரூபாய் என் மகள் காலில் ஷூவாக இருக்கிறது. பணம் அனுப்பிய முப்பத்தேழு பேருக்கும் அந்தப் பதினெட்டாயிரத்தை நான் திருப்பித் தருவேன். நோட்டு வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டைச் சீப்புக்கே போடுங்கள். இந்த வார்டுக்காக லாரிக்கு முன்னால் படுத்தவர் வேறு யாரும் இல்லை.”

“கடைசியில எழுதினது பைத்தியக்காரத்தனம்பா” என்றேன். “தப்பு பண்ணிட்டான்னு நீயே சொல்லிட்டு, அவனுக்கே போடுன்னா எவன் போடுவான்?”

“தப்பு நடந்தது ஆயா. அவரு லாரி முன்னாடி படுத்ததும் நடந்தது. ரெண்டும் நடந்ததுதானே?”

“என் பேரு போட்டிருக்கியே, நான் சொன்னேன்னு எவன் நம்புவான்?”

“எடுத்துடட்டுமா?”

“எடுக்காதே. மை டப்பா கொண்டா.”

சுவரில் ஒட்டிய தாளில் என் பேருக்குக் கீழே என் கட்டைவிரல் ரேகை இருந்தது.

சம்பந்தம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் ராஜகோபால் ஆட்கள் தாளைக் கிழித்தார்கள். இவன் மறுபடி ஒட்டினான். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் எதிர்த்து நின்றவரின் ஆட்கள் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகப் போட்டார்கள், “திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்பதோடு கத்தரித்துவிட்டு. என் ரேகையைப் பக்கத்தில் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

பூவராகவன் பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஆனான். வெட்டிய அந்த இரண்டு வரியையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஓடினான். “முழுசா படிங்கமா, கீழ இன்னும் இருக்குது, முழுசா படிங்க.” ஒரு வீட்டில், “இன்னாபா, நீ யார் கட்சி?” என்று கேட்டார்கள். “சீப்புதான்மா” என்றான். சிரித்துக் கதவைச் சாத்தினார்கள்.

பதினொரு பெண்கள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சீப்பை யாரும் திருப்பித் தரவில்லை. நான் நோட்டைக் கொண்டுபோய் லோகாம்பாள் கையில் கொடுத்துவிட்டு, போய்ச் சீப்புக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

ராஜகோபால் முப்பத்தொரு ஓட்டில் தோற்றான்.

அதன் பிறகு அவன் பூவராகவனோடு பேசவில்லை. மெக்கானிக் கடை வழியாகத்தான் டி.டி.பி. கடைக்குப் போக வேண்டும். இவன் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, தலை குனிந்து போவான். வலைப்பூவில் சில பேர் இவனைத் துரோகி என்று எழுதினார்களாம். சில பேர் திருடனுக்குக் கூட்டாளி என்று எழுதினார்களாம். பணத்தைத் தவணையில் திருப்பித் தந்தான், ஒன்றரை வருஷம் ஆயிற்று. தேசிகன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். “என் பேரை மாத்திடுவீங்களாப்பா?” என்று துளசி ஒரு நாள் கேட்டாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான்.

கொலுவுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வருஷம் வைத்தால் பிறகு விடக்கூடாது. எதற்காக ஆரம்பித்தாலும் சரி, ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான். அடுத்த புரட்டாசியில் லோகாம்பாள் மறுபடி படி கட்டினாள். தேர்தல் இல்லை, கூலிக்கு ஆள் இல்லை, வருகிற பெண்களும் இல்லை. குங்குமச் சிமிழோடு அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாடிக்குப் போய்க் கமலவேணியைக் கூப்பிட்டாள். இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

“நீங்களும் வரணும் ஆயா. லிஸ்ட் எதுவும் இல்லே.”

போனோம். துளசி ஒரு பாட்டுப் பாடினாள். லோகாம்பாள் கமலவேணிக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, சிமிழோடு தயங்கினாள். அந்தத் தடவை கையை நானே நீட்டினேன். கொடுத்தாள்.

வெளியே வந்தால், பூவராகவன் எங்களைக் கூட்டிப்போக வந்து, வீட்டை ஒட்டியிருந்த மெக்கானிக் கடைக்கு எதிரே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். கடையில் ராஜகோபால் ஒரு வண்டிக்கு அடியில் குனிந்திருந்தான். தலையைத் தூக்காமல், “அங்க பலகை மேல பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்குது பாரு, எடு” என்றான்.

பூவராகவன் சாலையைத் தாண்டிப் போய் எடுத்துக் கொடுத்தான்.

“மேட்டுத் தெரு குழாய் நாலு நாளா வரலே. எழுதினியா?”

“நாளைக்கு எழுதறேண்ணா.”

அவ்வளவுதான். ராஜகோபால் நட்டை முறுக்கினான். இவன் அங்கேயே, கடை வாசலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடக்க ஆரம்பித்தான். நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.